அம்மா துவைத்துவிட்ட சட்டை

காலையில் எழுந்து பின்வாசலுக்குப் போனால், கொடியில் அந்தச் சட்டை தொங்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளை வெளேரென்று. ஒரு பொட்டுக் கறை இல்லை.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

இதுவரை நடந்ததைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுரைப்பூ என்று ஒரு துணி துவைக்கிற பவுடர். அதன் புது விளம்பரத்துக்கு நிஜ வீடு வேண்டும், நிஜ அம்மா வேண்டும் என்று தெருத்தெருவாகத் தேடி, கடைசியில் எங்கள் அம்மாவைப் பிடித்துவிட்டார்கள். படப்பிடிப்பு எங்கள் வீட்டிலேயே. நேற்று முதல் நாள். மகனாக நடிக்கிற குட்டிப்பையன் சட்டை பூராவும் கறையோடு ஓடி வருகிறான், அம்மா இடுப்பில் கை வைத்து அவனை முறைக்கிறாள், அப்புறம் சிரிக்கிறாள். அதுவரை எடுத்தாயிற்று. இன்றைக்கு அம்மா அந்தச் சட்டையைத் துவைக்க வேண்டும். அதே சட்டை. அதே கறை.

அதைத்தான் அம்மா நேற்று அவர்கள் வண்டி கிளம்பினதுமே துவைத்துப் போட்டிருக்கிறாள்.

"ஏம்மா?" என்றேன்.

"நாற்காலி மேல அழுக்குச் சட்டை தொங்குது. அதைப் பார்த்துட்டு எப்படிடி சும்மா இருக்கிறது?" அம்மா நிதானமாகக் கிளிப்பை எடுத்தாள். "அத்தனை பேர் வந்து போற வீடு. என்ன நினைப்பாங்க?"

"அவங்கதாம்மா அதை அழுக்காக்கினதே."

"அதனால? அப்படியே போட்டுவைக்கச் சொல்றியா?"

"பத்திரமா வைங்கன்னு கறைக்காரர் சொல்லிட்டுத்தானே போனார்?"

"பத்திரமாத்தான் வச்சிருக்கேன். இஸ்திரி ஒண்ணுதான் பாக்கி."

கறைக்காரர் என்பது நாங்கள் வைத்த பேர். அந்தக் குழுவில் கறை போடுவதற்கென்றே ஒருத்தர் இருக்கிறார். கோகோவையும் டீயையும் கிண்ணத்தில் குழைத்து, தூரிகையில் தொட்டுத் தொட்டு, தேசப்படம் வரைகிற மாதிரி அந்தச் சட்டையில் வரைந்தார். வரைந்துவிட்டுத் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அவ்வளவு பாடுபட்ட கறை.

நான் பயந்ததற்குக் காரணம் கறை மட்டும் இல்லை. அந்த டைரக்டர், எப்போதும் தொப்பியோடு இருப்பதால் நாங்கள் தொப்பி என்கிறோமே, அவருக்கு முதல் நாளே எங்கள் அம்மாவைப் பிடிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நடிகையை வாசல் வேனில் உட்கார வைத்திருக்கிறார். பிஸ்கட் விளம்பரத்தில் அம்மாவாக வருவார்களே, அவர்கள்தான். "ஒரு தப்பு நடந்தாலும் மாத்திடலாம் மேடம்" என்று தொப்பி நுரைப்பூ கம்பெனி மேடத்திடம் போனில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

அம்மாவோ ஊர் பூராவும் சொல்லிவிட்டாள். மருந்துக்கடைக்காரரிடம், பஸ் கண்டக்டரிடம். நம்பர் மாற்றிப் போன் செய்த யாரோ ஒருவரிடம்கூட, "ராங் நம்பருங்க. பரவாயில்ல, டிவி பாருங்க, நான் வருவேன்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். இந்த விளம்பரம் கை நழுவிப் போனால் அவள் எப்படி வெளியே தலை காட்டுவாள்?

ஓடிப் போய் அண்ணனை எழுப்பினேன்.

அண்ணன் பைக் மெக்கானிக். எல்லாரும் அவனை நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். போர்வைக்குள் இருந்தே கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"பவுடர் விளம்பரத்துல துணி துவைச்சதுக்குத் திட்டு வாங்கப்போற முதல் ஆள் நம்ம அம்மாதான்."

"சிரிக்காதடா. ஏதாவது பண்ணு."

"என்ன பண்ண, ஓடிப்போயி சேத்துல விழட்டுமா?"

நேற்று குட்டிப்பையனோடு நான் எடுத்துக்கொண்ட படம் போனில் இருந்தது. அதில் கறை தெளிவாகத் தெரிந்தது. சட்டையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, இரண்டு பேரும் ஆரம்பித்தோம். முதலில் டீ. வெளிறிப் போய்த் தெரிந்தது. அடுத்து காப்பித்தூளைக் குழைத்துப் பார்த்தோம். துரு மாதிரி இருந்தது. கோகோ வீட்டில் இல்லை.

நட்டு தாடையைச் சொறிந்தான். அப்புறம் எழுந்து போய், வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயில் பாட்டிலைக் கொண்டுவந்தான். காது குடைகிற பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஓரத்தில் ஒரு கோடு இழுத்தான். போனைப் பார்த்தேன். சட்டையைப் பார்த்தேன். அச்சு அசல்.

"டேய், இது துவைச்சாப் போகுமா?"

"ஜென்மத்துக்கும் போகாது. எதுக்குப் போகணும்? அம்மா ரெண்டு கசக்கு கசக்குவாங்க, கட் சொல்லுவாங்க, வேற புதுச் சட்டையைக் கையில கொடுப்பாங்க. கறைக்காரரே சொன்னாரே, இப்படித்தான் எல்லா விளம்பரமும்னு."

அது சரிதான் என்று எனக்கும் பட்டது. அவன் வரைய, நான் "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்ல, பத்துப் பொருத்தமும் பொருந்திவிட்டது. அம்மா உள்ளே வந்து பார்த்தாள். வாயில் கை வைத்தாள்.

"வெள்ளைச் சட்டைடா அது. பாவிங்களா."

"கண்டுக்காதம்மா. இது இப்படித்தான் இருக்கணும்."

வாசலில் வேன் சத்தம் கேட்டது.

அரை மணியில் வீடு அவர்களுடையதாகிவிட்டது. விளக்கு, வயர், ஜன்னலை மறைக்கத் துணி. கறைக்காரர் சட்டையைக் கையில் எடுத்தார். அவர் அதைப் புரட்டினார், நேற்று எடுத்த படத்தோடு ஒப்பிட்டார், "நான் போட்ட கறை, அசையலையே" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார். நட்டு சமையலறைக்குள் ஓடித் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தான்.

அம்மாவுக்கு மேக்கப் போட்டார்கள். அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதில்மேல் ஏறிக்கொண்டார்கள். எனக்கும் பயம் போய்க் குஷி வந்துவிட்டது. நம் வீட்டு வாளி டிவியில் வரப்போகிறது. நம் வீட்டுக் குழாய். நம் வீட்டு அம்மா.

அப்போதுதான் கம்பெனி மேடம் வந்தார்.

ஒல்லியாக, நீளமாக, சின்னக் குரல். ஆனால் அவர் பேசினால் தொப்பி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார்.

"போன விளம்பரத்துக்கு என்ன கமென்ட் வந்ததுன்னு பார்த்தீங்கல்ல?" என்றார் மேடம். "சட்டையை மாத்திட்டாங்க, சட்டையை மாத்திட்டாங்கன்னு ஒரே கேலி. அதனால இந்தத் தடவை நடுவுல கட் வேண்டாம். கறைச் சட்டை தண்ணிக்குள்ள போறதுல இருந்து சுத்தமா வெளிய வர்ற வரைக்கும் ஒரே ஷாட்."

"தாராளமா மேடம்," என்றார் கறைக்காரர். "கோகோதானே. தண்ணியைக் காட்டினாலே போயிடும்."

நட்டு துண்டை வாயிலிருந்து எடுத்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குள் தொப்பி, "சைலன்ஸ்" என்று கத்திவிட்டார்.

"மெதுவாங்க," என்றாள் அம்மா. "அவர் தூங்குறார்."

அப்பா ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. லிஃப்ட் இயக்குகிறவர். காலையில் வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அதனால் தொப்பி குரலை இறக்கி, "சைலன்ஸ்" என்று ரகசியம் போலச் சொன்னார். கேமரா ஓடியது.

அம்மா பின்வாசல் தொட்டியடியில் சட்டையை வாளியில் முக்கினாள். நுரை பொங்கியது. அந்த நுரையைக்கூட முன்னாடியே தனியாக அடித்து வைத்திருந்தார்கள். கசக்கினாள். தூக்கினாள். கறை இருந்தது. மறுபடி முக்கினாள், இன்னும் வேகமாகக் கசக்கினாள், தூக்கினாள். கறை இப்போது பெரிதாகியிருந்தது. முதுகுப் பக்கமும் பரவியிருந்தது. நுரை கறுத்துவிட்டது.

அம்மாவின் கண் என் பக்கம் வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கட்," என்றார் தொப்பி. சத்தமாகவே.

மேடம் கறைக்காரர் பக்கம் திரும்பினார். "என்ன போட்டீங்க?"

"சத்தியமா கோகோ மேடம். கோகோ, டீ. அவ்வளவுதான்."

"கோகோ இப்படிப் பரவுமா? தலைமை ஆபீஸ்ல இருந்து நான் வந்து நிக்கறப்போ, எங்க பவுடரை வச்சே எங்களைக் கேவலப்படுத்தறீங்களா? நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்."

கறைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மறுபடி சட்டையைப் பிசைந்து பார்த்தார், ஒன்றும் புரியாமல் நின்றார். நட்டு தலையைக் குனிந்துகொண்டான். நான் கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தத் தம்பியைத் திட்டாதீங்க," என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா ஈரக்கையை உடையில் துடைத்துக்கொண்டாள்.

"அவர் போட்ட கறை நேத்தே போயிடுச்சு. நான் துவைச்சுட்டேன். இது என் பிள்ளைங்க போட்டது. வண்டி ஆயில். எனக்காகத்தான் பண்ணினாங்க. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

கறைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல வேற போட்டுத் தந்திருப்பேனேம்மா. பெட்டி நிறைய அதே சட்டைதான் வச்சிருக்கேன்."

நானும் நட்டுவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

மேடம் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்தார். "நேத்து துவைச்சப்போ கறை முழுசா போயிடுச்சா?"

"ஒரே அலசல்ல போயிடுச்சுங்க."

தொப்பியின் முகம் மலர்ந்தது. மேடமும் லேசாகச் சிரித்தார். "நம்ம பவுடர்லதானே?"

அம்மா ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஒரு சின்ன ஆமாம். நான் மனசுக்குள் கெஞ்சினேன், சொல்லும்மா, சொல்லித் தொலை.

"இல்லீங்க. நான் எப்பவும் போடற நீலச் சோப்புக் கட்டியில."

தொப்பி வாசல் பக்கம் திரும்பி, "வேன்ல இருக்கிறவங்களை வரச் சொல்லு," என்றார்.

பிஸ்கட் அம்மா வந்தார்கள். அம்மா மாதிரியே உடை, அம்மா மாதிரியே கொண்டை. எங்கள் வீட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில், எங்கள் அம்மா நின்ற இடத்தில் நின்றார்கள். எங்கள் அம்மா சமையலறையில் ஒரு ஓரமாக நின்றுகொண்டு, எல்லாருக்கும் டீ போடட்டுமா என்று கேட்டாள். அவளே அடுப்பைப் பற்ற வைத்தாள். மேக்கப் இன்னும் முகத்தில் இருந்தது.

பிஸ்கட் அம்மா கெட்டிக்காரர்தான், குறை சொல்லக் கூடாது. முதல் தடவையிலேயே சரியாகச் செய்தார்கள். புது கோகோ கறை, நுரை, ஒரு கசக்கு, சட்டையை விசிறித் தூக்கிச் சிரிக்கிற நேரம், அறைக்கதவு திறந்தது.

அப்பா. கலைந்த தலை, பாதித் தூக்கம். தொட்டியடியில் நின்றவரைப் பார்த்தார்.

"யாருங்க நீங்க?"

அவர்கள் பதறிப்போய், "நான்... அம்மா," என்றார்கள்.

"அப்ப என் வீட்டுக்காரி எங்க?"

மதில்மேல் இருந்த பிள்ளைகள் சிரித்துச் சரிந்தார்கள். கறைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அம்மா டீ வடிகட்டியோடு எட்டிப் பார்த்து, "நீங்க போய்ப் படுங்க, அப்புறம் சொல்றேன்," என்றாள். அப்பா போய்ப் படுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மறுபடி எடுத்தார்கள். அதுவும் சரியாக வந்தது.

மேடம் சின்னத் திரையில் அதைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அந்தக் குரல்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

"மேடம்," என்றேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி, "மேடம்."

அவர் நிமிர்ந்தார்.

"எங்கம்மா உங்க பவுடரைத் தொட்டதே இல்ல. இன்னிக்கு வாளியில இருந்தது நீங்க அடிச்சு வச்ச நுரை. ஒரே ஒரு தடவை அவங்களையே கலக்கி, அவங்க இஷ்டத்துக்குத் துவைச்சுப் பார்க்கச் சொல்லுங்க." வாளியைக் காட்டினேன். "நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. அவங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு இப்பதானே பார்த்தீங்க."

"நேத்தே ஒரு பாக்கெட் கொடுத்துட்டுப் போனோமே?"

அம்மா அலமாரியிலிருந்து அதை எடுத்துவந்தாள். பிரிக்காமல் அப்படியே இருந்தது. "ஷூட்டிங்குக்குன்னு கொடுத்தது. அதை எடுத்து வீட்டு வேலைக்குப் பிரிக்கலாமாங்க?"

மேடம் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் தொப்பியிடம், "கேமராவை ஓட விடுங்க. யாரும் ஒண்ணும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்," என்றார்.

"வெளிச்சம் போயிட்டு இருக்கு மேடம்."

"போகட்டும்."

அம்மா நட்டுவின் ஒர்க்‌ஷாப் சட்டையை எடுத்தாள். பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். தொப்பி முகத்தைச் சுளித்தார். அவள் கேமராவை மறந்துவிட்டாள். பவுடரைக் கையில் அள்ளி, தண்ணீரில் கலக்கி, சட்டையை ஊற வைத்து, காலரைப் பிடித்துத் தேய்த்து, அலசி, உதறி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா ஸ்டூலோடு முன்னால் நகர்ந்து வந்தார்.

"காலர்ல இன்னும் இருக்கு," என்றாள் அம்மா. "எங்க கட்டி அளவுக்கு அழுக்கு எடுக்கலைங்க."

போச்சு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மெல்லக் கண்ணைத் திறந்தேன். அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரட்டிப் பார்த்தாள். விரல்களை மடக்கி, விரித்தாள்.

"ஆனா கை எரியலை."

"என்ன சொன்னீங்க?" என்றார் மேடம்.

"கை எரியலைங்க. துணி துவைச்சா படுக்கிற வரைக்கும் எரியும். எல்லாருக்கும் அப்படித்தான் போலன்னு நினைச்சுட்டிருந்தேன்." அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனக்குள் வந்த சிரிப்பு. "காலர்ல இருந்தா என்ன, இன்னொரு தடவை போட்டுக்கலாம். கை எரியலைன்னா எத்தனை தடவை வேணாலும் துவைக்கலாமே."

அப்பா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். "எரியும்னு நீ சொன்னதே இல்லையே," என்றார்.

"நீங்க கேட்டதே இல்லையே."

தொப்பி கட் சொல்ல மறந்துபோனார். பிஸ்கட் அம்மா தன் கொண்டையை அவிழ்த்துவிட்டு, "நான் வீட்டுக்குப் போறேன். இதை என்னால நடிக்க முடியாது," என்று பையை எடுத்துக்கொண்டார்கள்.

மேடம் வாசலுக்குப் போய் வெகுநேரம் போனில் பேசினார். நட்டு நகத்தைக் கடித்தான். நான் சட்டைக் கொடியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவர் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிவப்பு ஏறியிருந்தது.

"இதை டிவியில மட்டும் போட்டா, இதையும் சொல்லிக்கொடுத்ததுன்னுதான் சொல்வாங்க. அதனால தலைமை ஆபீஸ்ல ஒரு முடிவு. அடுத்த வாரம் புதுப் பாக்கெட் வெளியிடறோம். பெரிய அரங்கம், டிவியில நேரலை. நீங்க மேடையில துவைக்கணும். மனசுல என்ன தோணுதோ அதைச் சொல்லணும். சரியா வந்தா விளம்பரத்துல உங்க முகம். வரலைன்னா இன்னிக்கு அந்த நடிகையை வச்சு எடுத்தது." கொஞ்சம் நிறுத்தினார். "வர்றீங்களா?"

எங்கள் அம்மா ஒரு கைக்குட்டை வாங்கக்கூட, அவரைக் கேட்டுச் சொல்றேன் என்பாள்.

"வர்றேன்," என்றாள்.

"அப்பாவைக் கேட்க வேண்டாமா?" என்று நட்டு காதில் கிசுகிசுத்தான்.

"எதுக்கு? அவரும்தான் கூட வரப்போறார்."

அப்பா தலையை ஆட்டினார். மதில்மேலிருந்து கைதட்டல். கறைக்காரர் நட்டுவின் தோளில் கை போட்டு, "கைவேலை நல்லா இருக்கு தம்பி, அடுத்த படத்துக்கு வர்றியா?" என்றார். நான் துள்ளிக் குதித்தேன், நிஜமாகவே குதித்தேன். மேடம் என் பக்கம் திரும்பும் வரைக்கும்.

"நீயும் மேடைக்கு வரணும். கறை போடறது நீதான். எங்க ஆள் போட்டா யாரும் நம்ப மாட்டாங்க. என்ன கறைன்னு எங்ககிட்டகூட முன்னாடியே சொல்லக் கூடாது. அங்க வந்து எல்லார் முன்னாடியும் போடு."

இப்போது அப்பா வேலைக்குப் போய்விட்டார், வீட்டில் மற்றவர்கள் தூங்குகிறார்கள். இதை வேறு யாரிடம் சொல்ல? பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதில் அத்தனை பேர் முன்னால், அம்மா முகம் டிவியில் வருமா வராதா என்பது என் கையில் இருக்கிற ஒரு துளியில். லேசான கறையாகப் போட்டால் பளிச்சென்று போய்விடும். யாருக்கும் தெரியாது. அப்படித்தான் செய்வது என்று முடிவுகூடப் பண்ணிவிட்டேன்.

படுக்கப் போகும் முன்னால் அம்மா என் போர்வையை இழுத்துவிட வந்தாள்.

"பயமா இருக்காடி?"

"ம்."

"பயப்படாத." அவள் கை என் நெற்றியில் பட்டது. சில்லென்று இருந்தது. "ஆனா ஒண்ணு. அம்மாவாச்சேன்னு பாவம் பார்த்து லேசா எதையாவது தொட்டு வச்சுடாத. நிஜமாவே அழுக்கு பண்ணு."